உப்புக் காற்றில் நான்கு சிலிண்டர்

பழவேற்காட்டில் ஏரிக்கரை ஓரமாக இரவு நிறுத்திவைத்த பைக்கை விடிந்ததும் தொட்டுப் பார்த்தால், பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். மழை பெய்திருக்காது. பகலில் வண்டி மேல் படிந்த உப்புதான் காற்றிலிருந்த ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கியிருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிக்கும் குறைவான ஈரப்பதமே போதும். கடலோர இரவுகளில் இந்த அளவு சர்வசாதாரணம். ஆக, வண்டி ஓடாமல் நிற்கும்போதும் உப்புநீர் அதன்மேல் வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறது.

புது வண்டியாக இருந்தால் சில வருடங்கள் தாங்கும். 1970களில் ஜப்பானில் தயாரான நடுத்தர அளவு நான்கு சிலிண்டர் பைக் என்றால் கதையே வேறு. நான்கு கார்புரேட்டர், இரண்டு செட் பாயிண்ட், நான்கு சைலன்சர், ஏகப்பட்ட ஒயர் இணைப்புகள் என்று உப்பு போய் உட்கார அதில் இடம் ஏராளம். அப்படியொரு வண்டியைக் கடலோரத்தில் வைத்துக் காப்பாற்ற முடியுமா?

முடியும். அதற்கு வேண்டிய பழக்கங்கள் லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் படகு மோட்டார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போனவை. அங்கே எஞ்சின் நின்றால் அன்றைய பாடு போச்சு. முகத்துவாரத்தில் அலை அடிக்கும் நேரத்தில் நின்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் 'கெட்டுப்போனால் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. கடல்நீரை உறிஞ்சிக் குளிரும் மோட்டாரைக் கரையேற்றியதும் நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஓடவிட வேண்டும், துடைக்க வேண்டும், கிரீஸ் வைக்க வேண்டும். பழைய நான்கு சிலிண்டர் பைக்குக்கும் அடிப்படை மருத்துவம் இதுதான். பெரிய ரிப்பேரைவிட, சின்னச் சின்ன வேலைகளை உரிய நேரத்தில் வரிசை மாறாமல் செய்வதுதான் அதைச் சாலையில் வைத்திருக்கிறது.

சோழவரம் தாண்டி வரும் சாலை

சென்னையிலிருந்து பழவேற்காடு சுமார் 60 கிலோமீட்டர். செங்குன்றம், சோழவரம், தச்சூர் கூட்டுரோடு, பொன்னேரி வழியாக வருகிறவர்கள் அதிகம். மோட்டார் பந்தயப் பிரியர்களுக்கு இந்தச் சாலையில் ஒரு பெயர் போதும்: சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அங்கே இருந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுதளத்தில் 1980களின் இறுதிவரை கார், பைக் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத்தளம் வந்ததும் சோழவரம் அமைதியானது.

பழவேற்காட்டுக்குத் தெற்கே இதே கடற்கரையில் திருவொற்றியூர் இருக்கிறது. 1955-ல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட்டை அங்கேதான் தயாரித்தது. ஒரு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர், ஒரு பாயிண்ட். ஒரு ஸ்பேனர் செட்டும் ஃபீலர் கேஜும் கையில் இருந்தால் மரத்தடியில் வைத்தே டியூன் செய்துவிடலாம். தமிழ்நாட்டின் இரண்டு தலைமுறை மெக்கானிக்குகள் இந்த வண்டியில்தான் கை பழகினார்கள். 1983-ல் யமஹாவின் தொழில்நுட்பத்துடன் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350 அவர்களை அடுத்த வகுப்புக்கு ஏற்றியது. அதில் இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், இரண்டு பாயிண்ட். இரண்டையும் ஒன்றுபோல் பாட வைக்கத் தெரிந்தவருக்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது.

நான்கு சிலிண்டர் பைக் எதையும் அந்தக் காலத்து இந்தியத் தொழிற்சாலைகள் தயாரிக்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடோ கடுமையாக இருந்தது. 2007-ல்தான் 800 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு அரசு கதவைத் திறந்தது. அதற்கு முன்பு தனித்தனியாக உள்ளே வந்த நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கு இங்கே டீலரும் கிடையாது, சர்வீஸ் சென்டரும் கிடையாது. சொந்தக்காரரும் அவருடைய மெக்கானிக்கும் சேர்ந்து கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

இந்த வகை வண்டிகளுக்கு வழிகாட்டியது ஹோண்டா சிபி750. 1968-ல் டோக்கியோ கண்காட்சியில் காட்டப்பட்டு 1969-ல் விற்பனைக்கு வந்தது. அது பலருக்கும் பெரிதாகத் தெரியவே, அதன் தம்பிகள் வரிசையாக வந்தன. 1971-ல் 498 சிசி கொண்ட சிபி500 ஃபோர், 1972-ல் 347 சிசி கொண்ட சிபி350 ஃபோர், 1974-ல் சிபி550, 1975-ல் 408 சிசி கொண்ட சிபி400 ஃபோர். இவற்றில் சிபி500-ஐ உதாரணமாக வைத்துக்கொண்டால் மற்றவற்றின் வைத்தியமும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

செத்த சிலிண்டரைக் கண்டுபிடிப்பது

புல்லட்டில் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் ஒரு முறை பெட்ரோல் வெடிக்கும். சிபி500-ல் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஏதாவது ஒரு சிலிண்டர் வெடித்துக்கொண்டிருக்கும். வரிசை 1-2-4-3. அந்த வழவழப்பான ஓட்டத்துக்குக் காரணம் இதுதான். பழுதை மறைப்பதும் இதே வழவழப்புதான். புல்லட்டில் பிளக் போனால் வண்டி அங்கேயே நின்றுவிடும். நான்கு சிலிண்டரில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஓட்டுகிறவருக்கு 'பிக்-அப் கொஞ்சம் கம்மி' என்று மட்டும் தோன்றும். அதற்குள் செத்த சிலிண்டருக்குள் எரியாத பெட்ரோல் இறங்கி, சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பிஸ்டன் ரிங் காய்ந்து தேயும். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்குகளுக்கும் போகும்.

கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சிறிது நேரம் ஓடவிட்டு, நான்கு சைலன்சர் பைப்பின் மேல்பகுதியிலும் விரலால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூன்று பைப்பில் 'சுர்' என்று ஆவியாகும். நான்காவதில் தண்ணீர் அப்படியே வழிந்தால் அதுதான் செத்த சிலிண்டர்.

அடுத்தது, எந்தெந்த எண் செத்திருக்கிறது என்ற கேள்வி. சிபி500-ல் இரண்டு காயில். 1-க்கும் 4-க்கும் ஒரு காயிலும் ஒரு பாயிண்டும், 2-க்கும் 3-க்கும் இன்னொன்றும். 1-ம் 4-ம் ஜோடியாகச் செத்திருந்தால் சந்தேகம் பாயிண்ட், கண்டன்சர், காயில் மேல் போகும். 1 மட்டும் செத்திருந்தால் காயிலைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. பிளக், பிளக் கேப், கார்புரேட்டர், வால்வு என்ற நான்கில் ஒன்றுதான். கடலோர வண்டியில் பிளக் கேப்பில் தொடங்குவது புத்திசாலித்தனம். கேப்பைத் திருகிக் கழற்றினால் ஒயர் முனையின் செம்பு பச்சை பூத்திருக்கும். அந்த முனையைக் கால் அங்குலம் வெட்டிவிட்டுப் புதுச் செம்பில் கேப்பைத் திருகினால் பல சமயம் சிலிண்டர் உயிர்த்துவிடும்.

வரிசை மாறக் கூடாது

டியூனிங்குக்கு ஒரு வரிசை உண்டு. டைமிங் செயின், டேப்பட், பாயிண்ட், இக்னிஷன் டைமிங், கடைசியில் கார்புரேட்டர். முந்தையது சரியில்லாமல் அடுத்ததில் கை வைத்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும். நான்கு சிலிண்டர் வண்டிகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு இந்த வரிசை மீறலுக்குத்தான். ஐடிலிங் ஆடுகிறது என்றவுடன் கார்புரேட்டரைத் திருகுவார்கள். பழுது டேப்பட்டில் இருக்கும்.

டைமிங் செயின் தளர்ந்தால் எஞ்சினின் நடுவிலிருந்து கடகடவென்று சத்தம் வரும். டென்ஷனரின் லாக்கைத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்வை எடுத்துக்கொள்ளும். பிறகு இறுக்கிவிட வேண்டும். பல வருடம் சும்மா நின்ற வண்டியில் இந்த டென்ஷனர் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். லாக்கைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே பொறுமையாக ஆயில் விட்டு ஊறவைக்க வேண்டும். சுத்தியலுக்கு வேலை இல்லை.

டேப்பட் இடைவெளி இன்டேக்கில் 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 0.08 மி.மீ. ஒரு காகிதத்தின் தடிமன் அளவே உள்ள இடைவெளி இது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே அளக்க வேண்டும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியை மத்தியானம் அளந்தால் கணக்கு தப்பும். விடிகாலையில் செய்வதுதான் சரி. டேப்பட் சத்தம் கேட்கக் கூடாது என்று இடைவெளியை இன்னும் குறைக்கிறவர்கள் உண்டு. அது ஆபத்து. வால்வு முழுதாக மூடாமல் போய் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். லேசான டிக்-டிக் சத்தம் இந்த எஞ்சினின் இயல்பு.

பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. வரை. எஞ்சினின் வலப்பக்க வட்ட மூடியைத் திறந்தால் இரண்டு பாயிண்டுகளும் எதிரெதிரே தெரியும். உள்ளே 1.4 என்றும் 2.3 என்றும் பொறித்த கோடுகள் இருக்கும். ராஜ்தூத் 350-ல் கை பழகிய மெக்கானிக்குக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. கடலோரத்தில் கூடுதலாக ஒன்று உண்டு: மூடியின் கேஸ்கட்டை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அது கிழிந்திருந்தால் உப்பு ஈரம் உள்ளே போய்ப் பாயிண்டின் முகத்தில் வெள்ளைப் படலம் படியும். காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி, வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். எஞ்சினைப் பிரிக்கும் அளவுக்குப் பலரைக் குழப்பிய இந்தப் பழுதுக்கு ஒரு கேஸ்கட்தான் மருந்து.

நான்கு கேஜ், ஒரே அளவு

கடைசியில் கார்புரேட்டர். கரைவலை இழுக்கும்போது ஒரு பக்கத்தார் தளர்ந்தால் வலை கோணிக்கொள்வதைப் போல, நான்கில் ஒரு கார்புரேட்டர் பின்தங்கினாலும் எஞ்சின் முழுவதும் உதறும்.

முதல் கட்டம் மேசையில் நடக்கிறது. கார்புரேட்டர் வரிசையை மொத்தமாகக் கழற்றிப் பிரித்துக் கழுவ வேண்டும். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பழைய பெட்ரோல் காய்ந்து பிசின் ஆனால் முதலில் அடைபடுவது இதுதான். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி அந்த ஒரு சிலிண்டர் மட்டும் கூடுதலாகக் குடிக்கும். கிளீனர் ஸ்பிரே, ஊறவைத்தல், காற்றடித்தல் என்ற மூன்று மட்டுமே அனுமதி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் துளை சுத்தமான வட்டமாகத் தெரிய வேண்டும். பிறகு நான்கு ஸ்லைடுகளுக்கு அடியிலும் ஒரே டிரில் பிட்டின் மழுங்கிய தண்டை மாற்றி மாற்றிச் செருகி, நான்கும் ஒரே அளவு உராயும்படி உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். இதில் முக்கால்வாசி சமன் வந்துவிடும்.

மீதிக் கால்வாசி ஓடும் எஞ்சினில் நடக்கிறது. இன்டேக்கில் இருக்கும் சிறு ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வேக்குவம் கேஜின் டியூப்களைப் பொருத்த வேண்டும். டேங்க் இறங்கியிருக்கும் என்பதால் ஒரு பாட்டிலை உயரத்தில் கட்டி, அதிலிருந்து பெட்ரோல் கொடுக்கலாம். காற்றில் குளிரும் எஞ்சின், நின்ற இடத்தில் ஓடினால் சீக்கிரம் கொதித்துவிடும். முன்னால் ஒரு பெரிய மின்விசிறி அவசியம். ஐடிலிங்கில் நான்கு முள்ளும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒன்று தாழ்ந்தும் ஒன்று உயர்ந்தும் காட்டும். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை மயிரிழை அளவுக்குத் திருப்பி, முள் அசைவதைப் பார்த்து, மறுபடி நட்டை இறுக்க வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து நகரும். முள் மறுபடி விலகும். அதனால் இறுக்கிய பிறகு காட்டும் அளவுதான் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு முறை ரேஸ் கொடுத்து, ஐடிலிங்குக்கு வரவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். நான்கு முள்ளும் ஒரே கோட்டுக்கு வரும்போது கைப்பிடியில் இருந்த அதிர்வு சட்டென்று அடங்கும். அதைக் கண்ணால் பார்க்கும் முன்பே கை உணர்ந்துவிடும்.

அலுமினியம் ஏன் பூக்கிறது?

படகு மோட்டாரின் அடிப்பகுதியில் ஒரு துத்தநாகக் கட்டி பொருத்தப்பட்டிருக்கும். இரண்டு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அவற்றுக்கிடையே மின்சாரம் ஓடும். அதில் ஒன்று கரையும். துத்தநாகம் தான் கரைந்து மோட்டாரைக் காக்கிறது. கட்டி தேய்ந்ததும் மாற்றிவிடுவார்கள்.

பைக்கில் அந்தக் கட்டி கிடையாது. எஞ்சின் கேஸ் அலுமினியம், ஸ்க்ரூ இரும்பு. உப்பு ஈரம் இரண்டையும் இணைக்கும்போது துத்தநாகத்தின் வேலையை அலுமினியம் ஏற்றுக்கொண்டு கரைகிறது. ஸ்க்ரூவைச் சுற்றிப் பூக்கும் வெள்ளைப் பொடி அந்தக் கரைதலின் மிச்சம்தான். பொடி இடம் அடைத்து ஸ்க்ரூவை இறுக்கிக் கல்லாக்கிவிடும். அதை வெறும் ஸ்க்ரூடிரைவரால் திருப்பப்போனால் தலை வழுக்கும். ஜப்பானிய வண்டிகளின் கூட்டல்குறி ஸ்க்ரூ, நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூவைப் போலவே இருந்தாலும் அதன் பள்ளம் வேறு அளவு. அதற்கான ஜப்பானிய அளவு பிட் போட்ட இம்பாக்ட் டிரைவரால் ஒரு தட்டு, லேசான சூடு, ஊடுருவும் ஆயிலில் ஓர் இரவு ஊறல் என்று போனால் மரை தப்பிக்கும். மரை போயே விட்டால் ஹெலிகாயில் போடலாம்.

பழைய ஸ்க்ரூவுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்ட் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. போல்ட் பளபளவென்று இருக்கும், உண்மைதான். ஆனால், உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அருகே அலுமினியம் தாக்குப்பிடிப்பது இன்னும் கடினம். மரையில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவாமல் போட்டால் கடலோர வண்டிக்குக் கெடுதலே.

ஹெட்லைட் கிண்ணத்தைத் திறந்தால் இன்னொரு உலகம். வண்டியின் ஒயர்களில் பெரும்பகுதி அங்கேதான் சந்திக்கிறது. ரப்பர் உறையை விலக்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் பச்சைப் பொடி. சிபி500-ன் மொத்த மின்சாரமும் பேட்டரி அருகே ஒரே ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகத்தான் போகிறது. அதன் கவ்வி துருப்பிடித்தால் சூடேறி, ஃபியூஸ் எரியாமலே வண்டி நடுவழியில் அணைந்துவிடும். இணைப்புகளைக் கழற்றி, தேய்த்து, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வைத்து மூடுவது ஒரு மதியத்தில் முடியும் வேலை. பிறகு மீட்டரில் பார்த்தால் நடு வேகத்தில் பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கும் முன் சேசிஸோடு இணையும் எர்த் ஒயரைப் பார்ப்பது நல்லது.

முன் டிஸ்க் பிரேக்கிலும் உப்பின் கை உண்டு. இந்த வண்டிகளில் காலிப்பர் ஒரு பின்னில் அசைந்து டிஸ்க்கைப் பிடிக்கும். அந்தப் பின் காய்ந்து துருவேறினால் ஒரு பக்க பேட் மட்டும் தேயும், பிரேக் பாதியாகும். இது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே தீர வேண்டும்.

கழுவும் தண்ணீரே உப்பானால்?

உப்பு படிந்தால் கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தண்ணீரில் என்பதில்தான் இந்த வட்டாரத்துச் சிக்கல். மீஞ்சூர், பொன்னேரி பகுதியின் நிலத்தடி நீரைச் சென்னையின் தேவைக்கும் பாசனத்துக்கும் பல பத்தாண்டுகள் உறிஞ்சியதில், கடல்நீர் நிலத்துக்கு அடியில் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. ஏரியின் கதையும் இப்படித்தான். ஆரணி ஆறும் மழையும் நிரப்பும் காலத்தில் அது கிட்டத்தட்ட நன்னீர். கோடையில் வற்றும்போது சில பகுதிகளில் கடலைவிட உப்பு. வற்றிய சேற்றுத் தரையிலிருந்து காற்று உப்புத்தூளை வாரிக்கொண்டு வரும். போர் தண்ணீரில் வண்டியைக் கழுவிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர், இருந்த உப்புக்கு மேல் இன்னொரு படலம் பூசியிருக்கிறார். குழாயில் வரும் குடிநீர், பிடித்துவைத்த மழைநீர் இரண்டும் நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீர் கூடவே கூடாது. அதில் உப்பு செறிந்திருக்கும்.

கழுவியதும் வண்டியை நிறுத்திவிடக் கூடாது. இருபது நிமிடமாவது ஓட்டி சைலன்சரை உள்ளேயும் காயவிட வேண்டும். சும்மா ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பவர்கள், எரிந்த பெட்ரோலில் இருந்து உண்டாகும் நீராவியைச் சைலன்சருக்குள் சேமித்துவைக்கிறார்கள். நான்கு பைப்பும் வெளியில் குரோம் மின்ன, உள்ளிருந்து ஓட்டையாகும்.

டேங்க்குக்குள் வரும் ஈரம்

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். மூடியின் காற்றுத் துளை வழியே ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்க, ஓரளவுக்கு மேல் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பெட்ரோல் காக் இருப்பதும் அங்கேதான். 1970களின் ரப்பர் ஓ-ரிங், டியூப், டயஃப்ரம் எதுவும் எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்படவில்லை. உப்பி, மென்மையாகி, ஒழுகத் தொடங்கும்.

எத்தனால் தாங்கும் ரப்பர் பாகங்களை ஒரே முறையில் மாற்றிவிடுவது முதல் வேலை. மூன்று வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் கார்புரேட்டர் கிண்ணங்களின் அடி ஸ்க்ரூவைத் திறந்து நான்கையும் வடித்துவிட வேண்டும். டேங்க்கை முழுக்க நிரப்பி வைத்தால் துரு குறையும் என்று முன்பு சொல்வார்கள். எத்தனால் காலத்தில் நீண்ட நாள் நிறுத்தத்துக்கு முழுதாக வடித்து, உலர்த்தி, உள்ளே லேசாக ஆயில் பூசி மூடுவதே பாதுகாப்பு.

எஞ்சின் ஆயிலிலும் கவனம் வேண்டும். இந்த எஞ்சினில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஊறுகிறது. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்க வேண்டும்.

ஜி.பி. ரோடும் லேத் பட்டறையும்

பேரிங்கைக் கழற்றி அதன்மேல் பொறித்த எண்ணைக் காட்டினால் சென்னை ஜி.பி. ரோட்டில் அதே எண்ணில் புதிது கிடைக்கும். ஆயில் சீலும் அளவு சொன்னால் கிடைக்கும். செயின், டயர், பேட்டரி, பிளக் எதற்கும் பஞ்சமில்லை. பிஸ்டன் தேய்ந்திருந்தால் ஹோண்டா அந்தக் காலத்திலேயே 0.25 மி.மீ. படிகளில் ஓவர்சைஸ் பிஸ்டன் வெளியிட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, லேத் பட்டறையில் போர் போட்டுக்கொள்ளலாம். நான்கையும் ஒரே அளவுக்குப் போர் போடுவது கட்டாயம்.

கிடைக்காதவை சைலன்சர், சைடு கவர், மீட்டர், முத்திரைகள். அவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிப்படி, 50 வயதைத் தாண்டி, அசல் வடிவம் கெடாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற குறி வரும். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். சேசிஸிலோ எஞ்சினிலோ கணிசமான மாற்றம் செய்திருந்தால் இந்தத் தகுதி போய்விடும். 1971-ல் தொடங்கிய சிபி500-ன் முதல் வண்டிகள் இந்த வயதைத் தாண்டிவிட்டன. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம்.

தடைக்கால அட்டவணை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகள் கரையேறுவதும், எஞ்சின்கள் பிரிக்கப்படுவதும், மரமும் இரும்பும் பெயின்ட் காண்பதும் அப்போதுதான். வருடத்தில் ஒரு காலத்தைப் பழுதுபார்ப்பதற்கென்றே ஒதுக்கும் இந்த ஒழுங்கைப் பழைய வண்டிக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கோடையில் டியூனிங், பிரேக், ஒயரிங். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் டேங்க், கார்புரேட்டர் வடிப்பு, கேஸ்கட் சோதனை, ஸ்க்ரூக்களுக்குப் பேஸ்ட். ஒவ்வொரு கடற்கரைப் பயணத்துக்குப் பிறகும் அன்றே நல்ல தண்ணீரில் கழுவல்.

இதையெல்லாம் செய்யும் கைகள் குறைந்துவருவதுதான் உண்மையான கவலை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இன்று பட்டறையில் சேரும் பையன் லேப்டாப்பைச் சொருகிப் பழுதைப் படிக்கக் கற்கிறான். பாயிண்ட் வைக்கத் தெரிந்த, ராஜ்தூத்தின் இரண்டு கார்புரேட்டரைச் சத்தத்திலேயே சமப்படுத்திய தலைமுறை ஓய்வு பெறும் வயதில் இருக்கிறது. ஏரியோரக் குப்பங்களில் படகு மோட்டாரைப் பிரித்துப் பூட்டும் இளைஞர்களுக்கு உப்பைப் பற்றியும் கிரீஸைப் பற்றியும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்குப் புதிதாக வேண்டியது நான்கு கேஜ், ஒரு ஃபீலர் கேஜ், இக்னிஷன் டைமிங் பார்க்க ஒரு ஸ்ட்ரோப் லைட், ஓரிரு முறை பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு. பழைய வண்டி வைத்திருக்கும் சென்னைக்காரர்கள் அடுத்த டியூனிங்குக்கு அந்த மூத்த தலைமுறை மெக்கானிக் ஒருவரைப் பொன்னேரிக்கோ பழவேற்காட்டுக்கோ அழைத்துவந்து, லாக் நட்டைப் பிடிக்கும் வேலையை ஒரு குப்பத்து இளைஞருக்குக் கொடுக்கலாம். வேலைக்கு உரிய கூலியையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த இளைஞர் அடுத்த முறையும் வருவார்.